விரல் மட்டும் தெரியும் இடம்

போன மாசம் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். அதற்கு முன்னால் சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார் டாக்டர். "கண்ணு நல்லா கீறப்பவே படிக்கத் தெரியாது சாமி, இப்ப எங்க படிக்கிறது" என்றேன். வரிசையில் உட்கார்ந்திருந்த என் வயசுக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் வேறொரு அட்டையை மாட்டினார். அதில் மூணு பல் சீப்பு மாதிரி ஒரு கோடு. சீப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டார். "என்னைத்தான் பாக்குது" என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

உள்ளே கால் மணி நேரம்தான். கண்ணுக்கு மேலே ஏதோ வெளிச்சம் ஆடியது, தண்ணீர் ஊற்றினமாதிரி இருந்தது, முடிந்தது என்றார்கள். வெளியே பெஞ்சில் உட்காரவைத்து டீயும் பன்னும் கொடுத்தார்கள். பன்னைக் கடித்துக்கொண்டே அழுதேன். நர்ஸ் பெண் ஓடிவந்து, "அழுவக் கூடாதும்மா, வலிக்குதா?" என்றாள். "வலிக்கல கண்ணு. அதான் அழுவறேன்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கிழவிக்குக் கண்ணோடு சேர்த்து மூளையையும் எடுத்துவிட்டார்களோ என்று பார்த்தாள்.

உங்களுக்குப் புரியட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது பக்கத்து வீட்டு மருமகள். எழுத்தில் தப்பு இருந்தால் அது அவளுடையது. பொய் இருந்தால் என்னுடையது. பொய்யில் எனக்கு ஒன்பது வயசிலிருந்தே அனுபவம் உண்டு.

ஊர்ப் பெயர் வேண்டாம், என் அண்ணன் மகன் கோபித்துக்கொள்வான். வில்லியனூரிலிருந்து நடந்தால் கால் வலிக்க ஆரம்பிக்கும் முன்னால் வந்துவிடும் ஊர். ஊருக்கு நடுவில் மாதா கோயில். கோயிலுக்கு முன்னால் பெரிய மைதானம். மைதானத்து நடுவில் கொடிமரம், சுற்றிலும் வேப்பமரம், ஒரு மூலையில் கல்லை அடுக்கிக் குகைபோலக் கட்டின கெபி. கோயில் முகப்பில் ரெண்டு கோபுரம். ஒன்றில் மணி, இன்னொன்றில் புறா. மணிக்கோபுரம் வெள்ளைக்காரர் காலத்தில் காசு இருந்தபோது கட்டியதாம், புறாக்கோபுரம் காசு தீர்ந்தபோது கட்டியதாம். அதனால்தான் அது ஒரு முழம் குட்டை என்பார்கள்.

உள்ளே தூண்களைப் பார்த்தால் கரும்புக்கட்டை நிமிர்த்தி நட்டுவைத்தமாதிரி இருக்கும். மேலே போகப் போக அந்தக் கரும்பெல்லாம் விரிந்து, வளைந்து, எதிர்த் தூணிலிருந்து வரும் கரும்போடு கோர்த்துக்கொள்ளும். அந்தக் கோர்வைக்கு நடுவே நீலம் அடித்து, மஞ்சளில் நட்சத்திரம் வரைந்திருப்பார்கள். பகலில் நட்சத்திரம் பார்க்கவேண்டும் என்றால் எங்கள் ஊருக்குத்தான் வரவேண்டும். ஜன்னலெல்லாம் கலர்க் கண்ணாடி. சிவப்பு, பச்சை, நீலம் என்று துண்டு துண்டாக ஈயத்தில் கோர்த்து, அதில் தாடி வைத்த சாமிகள். காலைப் பூசையில் வெயில் வந்தால் தரையெல்லாம் கலர் கொட்டிக் கிடக்கும்.

ஆனால் இதெல்லாம் நடுக்கோயிலில். கோயிலின் கட்டடமே படுத்திருக்கும் சிலுவை மாதிரி. நீட்டு உடம்பு ஊர்க்காரர்களுக்கு. முன்வரிசை நாற்காலிகள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டார்களுக்கு. வலது கையில் கன்னியாஸ்திரீகளும் அவர்கள் வளர்த்த பிள்ளைகளும். இடது கை எங்கள் சேரிக்கு. எங்கள் தெருவில் அதைப் பக்கக்கோயில் என்பார்கள். அதற்குத் தனி வாசல், தனித் தண்ணீர்த்தொட்டி. நடுக்கோயிலுக்கும் எங்களுக்கும் நடுவில் இடுப்பளவு இரும்புக் கிராதி. எங்கள் ஜன்னல்களுக்குக் கலர்க் கண்ணாடி கிடையாது, மரப்பலகைதான். வெயில் வேண்டுமானால் திறக்கலாம், மழை வந்தால் மூடலாம். வசதிதான்.

பீடத்துக்கு மேலே, சுவரைக் குடைந்து ஆழமாக ஒரு மாடம். அதில் கப்பலில் வந்த மாதா நிற்பாள். நடுக்கோயிலில் உட்கார்ந்தவர்களுக்கு அவள் முகம் நேராகத் தெரியும். மாடம் ஆழமாக இருந்ததால் பக்கக்கோயிலில் இருக்கிற எங்களுக்கு முகம் தெரியாது. அவள் முன்னால் நீட்டிக் கூப்பியிருந்த கையின் விரல்கள் மட்டும், மாடத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே தெரியும். ஐந்து விரல். அதுதான் எங்கள் மாதா.

திருவிழாவில் தேரில் ஏறி வருகிறவள் வேறு, சின்ன மரப்பொம்மை. அந்தத் தேரும் எங்கள் தெரு முனையோடு திரும்பிவிடும். நாங்கள் முனைக்குப் போய் நின்று பார்ப்போம். "இவ தேருக்காரி. நெசமானவ உள்ள கீறா" என்பாள் அம்மா.

சாமியார் முதுகைக் காட்டி லத்தீனில் பூசை வைத்த காலம் போய், பீடத்தைத் திருப்பிப்போட்டு, ஜனங்களின் முகத்தைப் பார்த்துத் தமிழில் பூசை வைக்கிற காலம் வந்தது. இனிமேல் சாமியார் எல்லாருக்கும் முகம் காட்டுவார் என்று கோயிலில் சொன்னார்கள். காட்டினார். எங்களுக்கு முன்னால் அவருடைய இடது காது தெரிந்தது, திருப்பின பிறகு வலது காது தெரிந்தது.

பக்கக்கோயிலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இடம் உண்டு. அம்மாவின் இடம் ரெண்டாவது தூணுக்கு ஒட்டினாற்போல. தாலி கட்டின மறுநாள் மாமியார் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைத்த இடம் அது. அங்கேயிருந்து ஐந்து விரலும் தெரியும். அதற்குப் பக்கத்தில் உட்காரும் எதிர்வீட்டு அத்தைக்கு மூணு விரல்தான். கடைசிச் சுவரோரம் இருப்பவர்களுக்குக் கட்டைவிரலும் வேண்டுதலும் மட்டும். எங்கள் தெருக் குழாயடியில் சண்டை வந்தால் கேட்டிருக்கவேண்டும்.

"போடி மூணு வெரல்காரி."

"ஆமாண்டி, நீ அஞ்சி வெரலையும் வாயில வெச்சிகினு வளந்தவ."

எங்களுக்கு ஒரு அவமானம் நடக்கிறது என்று எங்களுக்கே தெரியாமல், அதில் யாருக்கு எத்தனை விரல் என்று நாங்கள் பெருமை அடித்துக்கொண்டிருந்தோம்.

சித்திரை மாசத்தில் மட்டும் ஒரு அதிசயம் நடக்கும். காலைப் பூசை பாதியில், நடுக்கோயில் ஜன்னலின் நீலம் தரையில் ஊர்ந்து, கிராதிக்கு அடியில் நுழைந்து, எங்கள் பக்கம் வந்துவிடும். கிராதி மனுஷரைத்தான் தடுக்கும், வெயிலை என்ன செய்யும். அந்த நீலம் தூணைச் சுற்றி அம்மாவின் மடியில் ஏறும். அம்மா புடவையை விரித்து, அசையாமல், அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சூடாக ஏதோ பிள்ளை படுத்திருக்கிறமாதிரி. கொஞ்ச நேரத்தில் அது இறங்கிப் போய்விடும்.

அந்த வருஷம் நீலம் வந்தபோது அம்மா புடவையை விரிக்கவில்லை. என் பக்கம் சாய்ந்து, "வந்துச்சாடி?" என்றாள்.

"இன்னாது?"

"நீலம்."

அது அவள் மடியில்தான் இருந்தது.

அப்பா நான் பிறந்த வருஷமே போய்விட்டார். அண்ணன் மில்லில் கூலி. அம்மா நடவுக்கும் களைக்கும் போவாள். நானோ பள்ளிக்கூடத்து வாசலில் ஆடு மேய்த்ததோடு சரி. உள்ளே போன ஆடு அளவுக்குக்கூட நான் உள்ளே போனதில்லை. அந்த வருஷம் அம்மா களை என்று நினைத்துப் பயிரைப் பிடுங்கிப் போட்டாள். ஒரு நாள் சிரித்தார்கள், மறுநாள் மேஸ்திரி வரப்பில் நிற்கச் சொல்லிவிட்டார். கண்ணில் புரை என்று எல்லாரும் சொன்னார்கள். கண்பாப்பாவுக்கு நடுவில் பால் ஊற்றினமாதிரி வெளுத்திருந்தது. கிட்டே இருப்பது தெரியும், நிறம் தெரியும், கொஞ்சம் தள்ளிப்போனால் எல்லாம் புகை.

மில்லில் யாரையோ பிடித்து அண்ணன் ஒரு சீட்டு வாங்கிவந்தான். திருவிழா முடிந்த வாரம் வில்லியனூர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம். டாக்டர்கள் வந்து அங்கேயே ஆபரேஷன் செய்து, ஒரு வாரம் சோறு போட்டுப் படுக்கவைத்து, கண்ணாடி கொடுத்து அனுப்புவார்களாம். அம்மா பயந்தாள், ஆனால் சரி என்றாள். கோயில் கடையில் ஒரு தகடு வாங்கிவந்தாள். வெள்ளி இல்லை, தகரம். ரெண்டு கண் பொறித்த தகடு. பார்வை வந்தால் மாதாவுக்குக் கட்டுவதாக வேண்டுதல். அதை அரிசிப்பானைக்குள் வைத்தாள். அரிசி எடுக்கும்போதெல்லாம் ரெண்டு கண்ணும் நம்மைப் பார்க்கும்.

"கத்தி வெக்கறதுக்கு முன்ன ஒரே ஒருதரம் அவ மொகத்தப் பாத்துட்டா போதும்" என்றாள் ஒரு நாள், அரிசி புடைத்துக்கொண்டு. "கத்தி வெச்சி கண்ணே பூட்டாலும் கவல இல்ல."

"கிராதிய தாண்டி குதிச்சி ஓடிப்போயி பாரேன்" என்றேன்.

"கம்னு கெட, வாயாடி. அங்க போனா அவளே மொகத்த திருப்பிக்குவா."

இதை விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் விளையாட்டாகத்தான் கேட்டேன்.

அந்த வருஷம் கோயில் கட்டி நூறு வருஷம் ஆகிறதென்று வெள்ளை அடித்தார்கள், நட்சத்திரங்களுக்கு மறுபடி மஞ்சள் வைத்தார்கள். புதுச்சேரியிலிருந்து ஒரு பெயிண்டரைக் கூட்டிவந்தார்கள். எங்கள் தெரு முழுக்க வயலில் இருந்த ஒரு பகலில் கயிறு கட்டி மாதாவை மாடத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். சாமியார் பூசை உடுப்பு மாற்றுகிற அறையில், வைக்கோல் பரப்பி நிற்கவைத்திருந்தார்கள். அந்த அறையின் ஜன்னல் மைதானத்துப் பின்பக்கம். அங்கேதான் என் ஆடுகள் வேப்பம்பழம் பொறுக்கும். என் ஆடு எங்கே எட்டிப் பார்க்குமோ அங்கே நானும் எட்டிப் பார்ப்பேன்.

பார்த்தேன். ஐந்தடி தூரத்தில் மாதா.

சத்தியமாகச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நூறு வருஷ மெழுகுவர்த்திப் புகையில் கன்னம் ரெண்டும் கருத்திருந்தது. மூக்கு நுனியில் கொஞ்சம் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. கோழி விற்கிற அத்தை மத்தியானத்தில் கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்காருவாளே, அந்த மாதிரி ஒரு களைப்பு முகத்தில். கண் கீழே பார்த்திருந்தது. வாய் மட்டும், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறமாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தால் அது சிரிக்கிறது என்றே முடிவு செய்யத் தோன்றும்.

பெயிண்டர் பீடியோடு ஜன்னலுக்கு வந்தார். "இன்னா குட்டி, ரெண்டு தல தெரியுது, எது ஆடு எது நீ?"

"கொம்பு இல்லாதது நானு."

"வாய் கீதே, அதுக்கு எதுக்கு கொம்பு" என்றார். விரட்டவில்லை. வெளியூர்க்காரர், யார் எங்கே நிற்கவேண்டும் என்கிற கணக்கு அவருக்குத் தெரியாது.

ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லியிருக்கவேண்டும். நான் செய்தது வேறு. எங்கள் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, மாதா முகத்தைப் பார்க்க ஆளுக்கு ஒரு கொடுக்காப்புளி என்று கடை போட்டேன். சுருள் பெரிதாக இருந்தால் ரெண்டு தரம் பார்க்கலாம். எதிர்வீட்டு அத்தையின் மகன் கொட்டையில்லாத புளி கொண்டுவந்து மூணு தரம் பார்த்தான். பெரியவர்களிடம் சொன்னால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் ஜன்னலை மூடிவிடுவார்கள், கடை போய்விடும். அதனால் யாரும் மூச்சு விடக் கூடாது என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கினேன். அம்மாவுக்கு நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். மூணு நாள் தின்ற கொடுக்காப்புளியில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

நாலாம் நாள் ஜன்னலுக்குப் போனால் மாதாவுக்கு முகம் இல்லை.

முக்காடு இருந்தது, இடுப்பில் நீலக் கச்சை இருந்தது, விரல் இருந்தது. முகம் இருந்த இடத்தில் உரித்த முட்டைமாதிரி வெள்ளை.

"மொகம் எங்க?" என்றேன்.

"உப்புத்தாள் போட்டு தேச்சி எடுத்துட்டேன்" என்றார் பெயிண்டர். "வெள்ள அடிச்சிகீது. காயணும். அப்பறம் மூக்கு, வாயி. கண்ணு கடைசில. கண்ணு தொறக்கற அன்னிக்கு நானு தண்ணிகூட குடிக்க மாட்டேன், தெரியுமா?"

அன்றைக்குக் கடையை மூடினேன். முகமில்லாத மாதாவை யார் கொடுக்காப்புளி கொடுத்துப் பார்ப்பார்கள். அதனால் அந்த வெள்ளை பெயிண்டர் தேய்த்து அடித்ததுதான் என்று எங்கள் தெருவில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே நாள் காலையில் குழாயடியில் எதிர்வீட்டு அத்தை அம்மாவிடம், "மாதா கீழ எறங்கிக்கீறாளாம், எம் புள்ள பாத்தேன்னு சொல்றான்" என்று சொல்லியிருக்கிறாள். மத்தியானம் நான் ஆட்டோடு வீட்டுக்கு வந்தால், அம்மா வாசலில் நிற்கிறாள். மூச்சு வாங்குகிறது.

"நீ அங்கதான கெடக்கற. பாத்தியா?"

விளக்குமாறு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தேன். "இல்லம்மா. நான் பாக்கல" என்றேன்.

"வா, காட்டு."

சோற்று நேரம். பெயிண்டர் டீக்கடைக்குப் போயிருந்தார். பக்கக்கோயில் வழியாகப் போனோம். கிராதி முன்னால் அம்மா நின்றாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். சிலுவை போட்டாள். அப்புறம் காலைத் தூக்கித் தாண்டினாள். கிராதிக்கு அந்தாண்டை கல் வேறு, வழவழவென்று கருப்பும் வெள்ளையுமாக இருக்கும். வெறுங்காலுக்கு அது ஜில்லென்றது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அறைக்குள் பெயிண்ட் வாசனை, பழைய சாம்பிராணி வாசனை, எலி வாசனை. அம்மா மாதாவின் முன்னால் முழங்காலில் விழுந்தாள். முதலில் விரலைத் தொட்டாள். ஒன்று, ரெண்டு என்று ஐந்தையும் தொட்டு எண்ணினாள். சிரித்தாள். இருபத்தைந்து வருஷமாகத் தெரிந்த விரல். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

வெகு நேரம் பார்த்தாள்.

"முக்காடு தெரியுது" என்றாள். "இடுப்புல நீலம் தெரியுது. மொகம் எங்கடி?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். இன்னும் கிட்டே போனாள். "வெள்ளையா கீதுடி. ஒண்ணுமே இல்லியே. ஒனக்குத் தெரியுதா?"

இங்கேதான் நான் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். பெயிண்டர் தேய்த்துவிட்டார் அம்மா, நேற்றுவரை இருந்தது என்று. சொன்னால், நேற்று நீ எப்படிப் பார்த்தாய் என்று கேட்பாள். மூணு நாள் முகத்தை வைத்து வியாபாரம் செய்தது தெரியும். விளக்குமாறுதான் எனக்குக் கண்ணுக்குள் நின்றது.

"தெரியுதும்மா" என்றேன்.

"எப்பிடி கீறா?"

"சிரிக்கிறா மாரி கீறா."

மூணு நாள் பார்த்த முகத்தைத்தான் சொன்னேன். அதனால் அது முழுப்பொய் இல்லை என்று வெகு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா முகத்தைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். கையைத் தூக்கினாள்கூட. அதற்குள் வாசலில் உபதேசியாரின் சத்தம். சாமியாருக்கு அடுத்தபடி கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்.

"எவ அது உள்ள? இந்தாண்ட வர ஒனக்கு யார் சொன்னது?"

"மாதாவ பாக்க வந்தேன் சாமி."

"ஒங்க எடத்துல இருந்து பாத்தா தெரியாதா? நூறு வருசமா இல்லாத பழக்கம். போ, போ, அந்த வழியாவே போ."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு அதே கிராதியைத் தாண்டித் திரும்பினாள். தாண்டும்போது புடவை மாட்டிக் கிழிந்தது. நின்று எடுத்துவிடக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டவில்லை. சாயங்காலம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "புள்ளைக்கு காட்டிகீறா. எனக்கு மூடிகினா. தாண்டி போவக் கூடாதுன்னு தெரிஞ்சி தாண்டினேன் இல்ல."

திருவிழா வந்தது. கண் திறந்த மாதாவை மாடத்தில் ஏற்றிவிட்டார்கள். நடுக்கோயிலில் எல்லாரும், பேசுகிறமாதிரி இருக்கிறாள், பேசுகிறமாதிரி இருக்கிறாள் என்றார்கள். பக்கக்கோயிலில் விரலுக்குப் புதுசாக ரோஸ் கலர். எதிர்வீட்டு அத்தை, இப்போது மூணு விரலும் பளிச்சென்று இருப்பதாகச் சந்தோஷப்பட்டாள். அம்மா தூணில் சாய்ந்து, குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள்.

முகாம் அன்று அண்ணன் சைக்கிளைத் துடைத்து, பின்சீட்டில் சாக்கு மடித்துப் போட்டு வாசலில் நின்றான்.

"வாம்மா. ஏழு மணிக்கெல்லாம் போனாத்தான் மொத வரிசை."

"நான் வரல."

"இன்னாம்மா வெளாட்டு. நம்ம தெருவுல இருந்தே நாலு பேர் போறாங்க."

"அவங்க போவட்டும். எனக்கு வேணாம்னு சொல்லிட்டா. அவ மூடினத டாக்டரு தொறக்கறதா?"

"எவ சொன்னா? எவ மூடினது?"

அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் கெஞ்சினான், கத்தினான், சைக்கிளைக் காலால் உதைத்தான். அண்ணனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் நின்றிருந்தேன். எங்கள் ஊரில் என் வாய்க்கு அணைபோட ஆள் கிடையாது என்பார்கள். உபதேசியாரைப் பார்த்து, உங்கள் குடுமிக்கு எத்தனை விரல் தெரியும் என்று கேட்ட வாய் இது. ஒரு வார்த்தை போதும். "மொகம் அன்னிக்கு இல்லம்மா." அவ்வளவுதான். அண்ணன் என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லேன்டி" என்றான். நான் ஆட்டைப் பார்க்கப் போனேன்.

அடுத்த வருஷமும் முகாம் வந்தது. அதற்கு அடுத்த வருஷமும் வந்தது. ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிடலாம் என்று இருப்பேன். ஆனால் ஒரு வருஷப் பொய்யைச் சொல்வதைவிட மூணு வருஷப் பொய்யைச் சொல்வது கஷ்டம். அம்மா முழுக்க இருட்டுக்குள் போனாள். தடவித் தடவித் தென்னை ஈர்க்கு கிழித்துத் துடைப்பம் கட்டினாள். என்னை அடிக்க அந்தக் காலத்தில் வீட்டில் இருந்தது ஒரு விளக்குமாறு. இப்போது வீடு நிறைய விளக்குமாறு, அடிக்கத்தான் ஆள் இல்லை.

என் கல்யாணம் பக்கக்கோயிலில் நடந்தது. அம்மா என் முகத்தைத் தடவிப்பார்த்து, "பவுடர் ஜாஸ்தி" என்றாள்.

அப்புறம் ஒரு ஐப்பசியில் அவளுக்குக் கண்ணுக்குள் குத்துவலி வந்தது. சுவரில் மோதிக்கொண்டாள். அண்ணன் கேட்காமல் கொள்ளாமல் தூக்கிக்கொண்டு புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நானும் போனேன். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, புரை முற்றி உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அண்ணனைப் பார்த்துத் திட்டினார். "இத்தன வருசம் இன்னாய்யா பண்ணினு இருந்த? சின்ன ஆபரேஷன் இது." அண்ணன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். அது எனக்கு விழவேண்டிய திட்டு.

எண்பதுகளில் ஒரு வாலிபச் சாமியார் வந்தார். எங்கள் தெருப் பையன்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராதியைத் தாண்டிப் போய் நடுக்கோயிலில் உட்கார்ந்தார்கள். ரெண்டு மாசம் ஊரில் சண்டை, கோயிலுக்குப் பூட்டு, போலீஸ். கடைசியில் கிராதியை அறுத்தெடுத்தார்கள். கல்லில் அது நின்ற ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருக்கும். இப்போதும் இருக்கிறது.

பூட்டு திறந்த முதல் ஞாயிறு அம்மாவைக் கையைப் பிடித்து நடுக்கோயிலுக்குக் கூட்டிப்போனேன். சொல்தா வீட்டாரின் நாற்காலிக்கு ஒரு வரிசை பின்னால் உட்காரவைத்தேன். கால் கட்டைவிரலால் வழவழக் கல்லைத் தேய்த்துப் பார்த்தாள். தலையை வழக்கம்போல ஒரு பக்கமாகச் சாய்த்துத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு மாதா எப்போதும் அந்தப் பக்கம்தான்.

"அம்மா, அந்தப் பக்கம் இல்ல. நேரா கீறா."

முகத்தை நேராக வைத்தாள். "இன்னா பண்றா?"

இப்போது சொல்லிவிடு என்று ஒரு மனசு சொன்னது. ஆனால் இப்போது சொன்னால், இருட்டில் கழிந்த அத்தனை வருஷமும் சும்மாதான் என்று ஆகிவிடும். மாதா மூடியதாக நினைத்தாவது அவள் உட்கார்ந்திருந்தாள். மகள் மூடினாள் என்று தெரிந்தால்?

"சிரிக்கிறா மாரி கீறா" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். "அன்னிக்கும் அதான் சொன்ன. ஒனக்கு மட்டும் நல்லா காட்டறா." கொஞ்ச நேரம் கழித்து என் கையைத் தட்டினாள். "இங்க எனக்கு எடம் புரியல. நம்ம தூணாண்ட உட்டுடு."

அங்கேயே கொண்டுபோய் விட்டேன். தூணைத் தொட்டதும் அவள் முகம் தெளிந்தது. அடுத்த வருஷம் போய்விட்டாள். பெட்டியை நடுக்கோயிலில்தான் வைத்தார்கள், எங்கள் தெருவிலிருந்து அங்கே வைத்த முதல் பெட்டி. நேராக மாதாவுக்குக் கீழே. கண் மூடியிருந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் ஒரு சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சின்னப் பிள்ளையில் சொன்ன பொய், மாதா மன்னித்துவிடுவாள் என்று சொல்லி, மூணு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். மூணே மூணு. எங்கள் தெருக் கணக்குக்கு எனக்கு ஐந்து விழவேண்டும். அரிசிப்பானையில் இருந்த கண் தகடும் கூரை மாற்றினபோது எங்கேயோ போய்விட்டது. அதைத் தேடாத மூலை இல்லை. கிடைத்தால் கட்டலாம் என்றில்லை. ரெண்டு கண்ணும் விரியத் திறந்தபடி எந்தக் குப்பையில் கிடக்கிறதோ என்றுதான்.

ஆபரேஷன் முடிந்து, இத்தனை நாள் தண்ணீர் படக் கூடாது, புகை படக் கூடாது என்று சொன்ன கெடு முடிந்ததும் போன ஞாயிறு கோயிலுக்குப் போனேன். புதுக் கண். கொடிமரத்தின் உச்சியில் உட்கார்ந்த காக்கையின் மூக்குகூடத் தெரிந்தது. இன்றைக்கு நடுவில் உட்கார்ந்து, நிமிர்ந்து, அந்த முகத்தை நேராகப் பார்த்துவிடுவது என்று சபதம் போட்டுக்கொண்டு போனேன். நடுவழியில் நடந்தேன். கிராதி இருந்த ஓட்டைவரிசைக்குக் கிட்டே வந்தபோது கால் தானாகத் திரும்பிவிட்டது. ரெண்டாவது தூண். அம்மாவின் இடம். அங்கேயிருந்து பார்த்தால் இப்போதும் விரல் மட்டும்தான்.

பூசை முடிந்து போகிற ஒரு பையன் நின்றான். "ஆயா, நடுவுல அத்தினி எடம் காலியா கீது, ஃபேன் ஓடுது. நீ ஏன் இந்த மூலையில குந்திகினு கீற?"

"இங்கதான்டா காத்து நல்லா வருது" என்றேன்.

அந்தப் பக்கத்து ஜன்னலைச் சுவர் வைத்து அடைத்துப் பத்து வருஷம் ஆகிறது.